மாற்றிய கியர்பாக்ஸும் மாறாத காரும்

1965-ஆம் ஆண்டின் செவ்ரலே இம்பாலா அமெரிக்கக் குடும்பங்களின் கார். அந்த ஓராண்டில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. நான்கு கதவுகளும் ஆறு பேர் அமரும் இரண்டு நீள இருக்கைகளும் கொண்ட அதன் செடான் வகையில் பரவலாக இருந்தது பவர்கிளைட் என்னும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். செவ்ரலே அதை 1950-இல் கொண்டுவந்தது. 1973 வரை தயாரித்தது. முன்னோக்கிச் செல்ல அதில் இரண்டே கியர்கள். முதல் கியரின் விகிதம் 1.8 அளவில் இருக்கும். இரண்டாவது 1.00, அதாவது என்ஜின் ஒரு சுற்று சுற்றினால் பின்னே செல்லும் தண்டும் ஒரு சுற்று சுற்றும்.

அந்தக் கார்களில் இன்றும் ஓடுபவை உண்டு. இன்றைய நெடுஞ்சாலைக்கு அவற்றைத் தகுதியாக்க விரும்புவோர் பவர்கிளைட்டைக் கழற்றிவிட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் 1982 மாடல் ஆண்டில் அறிமுகப்படுத்திய 700ஆர்4 என்னும் நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கைப் பொருத்துகிறார்கள். அதன் விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. முதல் கியரின் பெரிய விகிதத்தால் கார் நின்ற இடத்திலிருந்து விசையோடு கிளம்பும். நான்காவது கியரில் என்ஜின் முழுச் சுற்று சுற்றாமலே தண்டு ஒரு சுற்றை முடித்துவிடும். நேர் விகிதத்தில் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டிய என்ஜின், அதே வேகத்துக்கு 2100 சுற்றே சுற்றும். இரைச்சல் தணியும், தேய்மானமும் பெட்ரோல் செலவும் குறையும்.

ஒரு பெட்டியை எடுத்து இன்னொன்றை வைப்பதோடு இந்த வேலை முடிவதில்லை. புதியது பழையதைவிட நீளம். அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தைச் சுமார் 2 அங்குலம் பின்னே தள்ள வேண்டும். பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் புரப்பெல்லர் ஷாஃப்டைச் சுமார் 3 அங்குலம் வெட்டிக் குறைத்து, மறுபடி சமன் பார்க்க வேண்டும். கார்புரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்கு ஒரு கேபிள் வர வேண்டும். ஆக்சிலரேட்டர் எவ்வளவு மிதிபடுகிறது என்பதை அந்தக் கேபிள் தெரிவித்தால்தான் உள்ளே எண்ணெய் அழுத்தம் அதற்கேற்ப உயரும். அதன் அளவு பிசகினால் அழுத்தம் போதாமல் கிளட்ச் தட்டுகள் வழுக்கிக் கருகிவிடும். டார்க் கன்வர்ட்டருக்குள் இருக்கும் பூட்டுக் கிளட்சுக்கு மின்கம்பி இழுக்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் அது விடுபடவும் வழி செய்ய வேண்டும். ஸ்டீயரிங்குக்கு அருகிலுள்ள பழைய குறிகாட்டியோ பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ், லோ என்ற ஐந்து நிலைகளைத்தான் காட்டும். புதியதற்கு ஏழு நிலைகள்.

வேலை முடிந்து கார் வெளியே வரும்போது பழைய கேள்வி ஒன்றும் கூடவே வருகிறது. தாத்தா வாங்கி, தந்தை ஓட்டி, பிள்ளைகள் பின்னிருக்கையில் உறங்கி வளர்ந்த அதே கார்தானா இது? அதே கார் என்றால், எது அதே? மாறிவிட்டது என்றால், எந்தக் கணத்தில் மாறியது? பாகம் மாறும்போது பொருள் நிலைக்கிறதா என்ற இந்தக் கேள்வியைக் கிரேக்கர் கப்பலை வைத்தும், பௌத்தர் தேரை வைத்தும், நையாயிகர் குடத்தை வைத்தும், சமணர் பொன்னை வைத்தும் ஆராய்ந்தனர். அவர்களுடைய விடைகள் ஒவ்வொன்றையும் கியர்பாக்ஸ் மாற்றிய காரில் வைத்துப் பார்த்தால், எது எவ்வளவு தூரம் தாங்குகிறது என்பது தெளிவாகும்.

கப்பல்

கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க், புராண வீரன் தீசியசின் வரலாற்றில் ஒரு கப்பலைப் பற்றிக் குறிப்பிடுகிறார். முப்பது துடுப்புகள் கொண்ட அந்தக் கப்பலில்தான் தீசியஸ் கிரீட் தீவிலிருந்து திரும்பியதாகக் கதை. ஏதென்ஸ் மக்கள் அதைப் பல தலைமுறைகள் பாதுகாத்தனர். மட்கிய பலகைகளை எடுத்துவிட்டு நல்ல பலகைகளை வைத்துக்கொண்டே வந்தனர். வளர்ச்சி, மாற்றம் பற்றி வாதிட்ட மெய்யியலாளர்களுக்கு அது எடுத்துக்காட்டாகிவிட்டது. அதே கப்பல் என்றது ஒரு சாரார். வேறு கப்பல் என்றது மறு சாரார்.

1655-இல் ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் இதை இன்னும் இறுக்கினார். கழற்றிய பழைய பலகைகளை ஒருவர் சேர்த்து வைத்து, அதே ஒழுங்கில் மறுபடி ஒரு கப்பலாகக் கட்டிவிட்டால், அப்போது தீசியசின் கப்பல் எது? இரண்டுமே என்றால் ஒரே பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருப்பதாகிவிடும்.

காருக்கு வந்தால், ஒரு பாகத்தின் அளவில் ஹாப்ஸின் கேள்விக்கு விடை எளிது. கழற்றிய பவர்கிளைட்டை இன்னொரு இம்பாலாவில் பொருத்தினால், குடும்பத்தின் கார் அங்கே போய்விட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1980களின் ஏதோ ஒரு விபத்துக் காரிலிருந்து கழற்றி வந்த 700ஆர்4, அந்த விபத்துக் காரின் அடையாளத்தைச் சுமந்துகொண்டு வருவதுமில்லை. முழுமை தனி ஒரு பாகத்தில் குடியிருப்பதில்லை என்பது இதிலிருந்து உறுதிப்படுகிறது. எத்தனை பாகங்கள் போனால் முழுமையும் போய்விடும் என்பதற்கு மட்டும் இதில் விடை இல்லை.

கப்பலுக்கும் காருக்கும் இடையே, வழக்கமான விளக்கங்களில் கவனம் பெறாத ஒரு வேறுபாடு இருக்கிறது. ஏதென்ஸ் மக்கள் செய்தது பழுதுபார்ப்பு. மட்கிய பலகை இருந்த இடத்தில் அதே அளவுள்ள, அதே வேலையைச் செய்யும் பலகையை வைத்தார்கள். கப்பலின் வடிவமோ ஆற்றலோ மாறவில்லை. 700ஆர்4 பொருத்துவது மேம்பாடு. அது பழைய பாகம் செய்யாததைச் செய்கிறது. தன்னைச் சுற்றியுள்ள தண்டையும் சட்டத்தையும் மின்கம்பியையும்கூட மாற்றுகிறது. பழுதுபார்ப்பில் பருப்பொருள் மட்டும் புதிதாகிறது. மேம்பாட்டில் பொருளின் இயல்பிலும் ஒரு பகுதி புதிதாகிறது. ஆகவே கப்பலுக்குக் கிடைத்த விடை காருக்கு அப்படியே பொருந்தாது. இங்கே கேள்வி இன்னும் கடினமாகிறது.

உருவம்

பலகை மாறினாலும் உருவம் மாறவில்லையே என்பது கப்பலுக்குச் சொல்லப்படும் வழக்கமான விடை. அதன் வேர் அரிஸ்டாட்டிலிடம் உள்ளது. எந்தப் பொருளும் பருப்பொருளும் உருவமும் சேர்ந்தது. அது இன்னது என்று சொல்லவைப்பது உருவம் என்பது அவர் கொள்கை. 'அரசியல்' என்ற நூலின் மூன்றாம் பகுதியில் நகரம் ஒன்றைப் பற்றி இதே கேள்வியைக் கேட்கிறார். குடிமக்கள் பிறந்தும் இறந்தும் மாறிக்கொண்டே இருக்க, நகரம் எப்படி ஒன்றாகவே இருக்கிறது? அதன் ஆட்சியமைப்பு ஒன்றாக இருக்கும்வரை நகரமும் ஒன்று என்கிறார். அதே பாடகர்கள் ஒரு நாள் துன்பியல் நாடகத்திலும் மறுநாள் இன்பியல் நாடகத்திலும் பாடினால், ஆட்கள் ஒன்றானாலும் குழு வேறு என்பது அவர் காட்டும் எடுத்துக்காட்டு.

காரின் உருவம் எது? என்ஜினின் சுழற்சியைச் சக்கரத்துக்கு அனுப்பி, ஒரு குடும்பத்தைச் சாலையில் ஏற்றிச்செல்லும் ஒழுங்கமைப்பு என்று சொன்னால், கியர்பாக்ஸ் மாறிய பிறகும் உருவம் அப்படியே இருக்கிறது. விகிதங்கள், பாகங்களின் நீளம், இணைப்பு முறை எல்லாம் உருவத்தில் அடக்கம் என்றால் உருவம் மாறிவிட்டது. உருவத்தை எவ்வளவு நுணுக்கமாக வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறிவிடுகிறது.

அரிஸ்டாட்டிலின் இன்னொரு பகுப்பு இங்கே உதவும். ஒரு பொருள் 'என்ன' என்பது வேறு. அது 'எப்படி' இருக்கிறது என்பது வேறு. மனிதன் கறுத்தாலும் வெளுத்தாலும் மனிதனே. அதுபோல, இரண்டு கியரோ நான்கு கியரோ, அது கார் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்கிறது. கியர்பாக்ஸே இல்லாமல் போனால்தான் 'என்ன' என்பது பாதிக்கப்படும். இது நல்ல விடை. ஆனால் முழு விடை ஆகாது. அதே ஆண்டில் அதே ஆலையில் அதே நிறத்தில் வெளிவந்த இரண்டு இம்பாலாக்களுக்கு உருவம் ஒன்றே. அவற்றில் எது இந்தக் குடும்பத்தின் கார் என்பதை உருவத்தால் மட்டும் சொல்ல முடியாது.

தேர்

கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட மெனாண்டர் என்னும் கிரேக்க அரசன், பாலி நூல்களில் மிலிந்தன் என்று வழங்குகிறான். அவனுக்கும் நாகசேனர் என்ற பிக்குவுக்கும் நடந்ததாகக் கூறப்படும் உரையாடலே 'மிலிந்த பஞ்ஹா'. நாகசேனர் என்ற பெயருக்குள் நிலையான ஆள் எவரும் இல்லை என்று பிக்கு சொன்னதும் அரசன் மறுக்கிறான். பிக்கு அவன் ஏறிவந்த தேரைக் காட்டிக் கேட்கிறார்: அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா, கடிவாளம் தேரா? எதுவும் இல்லை. எல்லாவற்றையும் விட்டுத் தனியே தேர் என்று ஒன்று உண்டா? அதுவும் இல்லை. இவற்றையெல்லாம் சார்ந்து 'தேர்' என்ற பெயர் வழங்குகிறது என்று அரசனே சொல்லிமுடிக்கிறான். தன் பெயரும் அப்படித்தான் என்கிறார் நாகசேனர்.

ஏழாம் நூற்றாண்டில் பௌத்த அறிஞர் சந்திரகீர்த்தி இதே தேரை ஏழு வகையாக ஆராய்ந்தார். அவற்றுள் ஒன்று பட்டறைத் தரையில் கண்ணெதிரே நிரூபணமாகும். தேர் என்பது பாகங்களின் தொகுதிதான் என்றால், கழற்றிப் போட்ட குவியலும் தேராக வேண்டும். ஆனால் கியர்பாக்ஸும் தண்டும் என்ஜினும் தரையில் கிடக்கும்போது அங்கே யாரும் எங்கும் போக முடியாது.

பௌத்தரின் விடைப்படி, அதே காரா என்ற கேள்விக்கு இறுதி உண்மையில் இடமில்லை. வழக்கு உண்மையில், அதாவது உலகம் பேசிப் பழகும் நிலையில், அதே கார் என்று சொல்வதில் பிழையில்லை. ஆங்கிலேயச் சமய அறிஞர் ஜோசப் பட்லரும் 1736-இல் இதற்கு நெருங்கிய ஒரு வேறுபாட்டைக் கண்டார். மரங்களையும் பொருள்களையும் 'அதே' என்று நாம் சொல்வது தளர்ந்த வழக்கில்தான். கண்டிப்பான பொருளில் அவை அதே அல்ல என்றார். ஆன்மாவுக்கு மட்டும் கண்டிப்பான ஒருமை உண்டு என்பது பட்லரின் முடிவு. பௌத்தர் அந்த விதிவிலக்கையும் ஏற்கவில்லை.

தொடர்ச்சியைப் பற்றி நாகசேனர் சொல்லும் விளக்கு உவமையும் இங்கே பொருந்தும். இரவின் முதல் யாமத்தில் எரிந்த சுடரும் கடை யாமத்தில் எரியும் சுடரும் ஒன்றும் அல்ல, முற்றிலும் வேறும் அல்ல. ஒன்றைச் சார்ந்து மற்றொன்று எழுந்தது. கியர்பாக்ஸ் மாறிய காரும் மாறுமுன் இருந்த காரும் அப்படியே. தேரைக் கலைத்துக் காட்டிய கையால்தான் நாகசேனர் விளக்கையும் ஏற்றிக் காட்டுகிறார்.

குடம்

நியாயம், வைசேடிகம் என்னும் இரு தத்துவப் பள்ளிகளைச் சேர்ந்த நையாயிகரும் வைசேடிகரும் பௌத்தரை எதிர்த்தனர். பாகங்களில் அடங்கி, பாகங்களைவிட வேறாக, முழுமை என்று ஒரு பொருள் உண்மையாகவே உண்டு என்பது அவர்கள் கொள்கை. அதற்கு 'அவயவி' என்று பெயர். பாகங்கள் வெறும் பாகங்களே என்றால், காரின் ஒரு புறத்தைப் பிடித்துத் தள்ளும்போது முழுக் காரும் நகர்வதை எப்படி விளக்குவது? 'ஒரு கார்' என்ற ஒருமை உணர்வு எங்கிருந்து வருகிறது?

முழுமையை இவ்வளவு உறுதியாக நிறுவியவர்களே அதன் அடையாளத்தில் மிகக் கண்டிப்பாகவும் இருந்தனர். பாகங்களின் சேர்க்கையால் முழுமை பிறக்கிறது. சேர்க்கை அழிந்தால் அந்த முழுமையும் அழிகிறது. இதன்படி கியர்பாக்ஸின் கடைசி போல்ட் கழன்றபோதே பழைய கார் என்னும் அவயவி போய்விட்டது. புதியது பொருத்தப்பட்டபோது வேறோர் அவயவி பிறந்தது.

இந்தக் கண்டிப்பு குடம் சுடுவதைப் பற்றிய வாதத்தில் இருவரையும் பிரித்தது. பச்சைக் குடம் சூளையில் சிவக்கும்போது என்ன நடக்கிறது? வெப்பத்தால் குடம் அணுக்களாகக் கலைந்து, அணுக்கள் சிவந்து, மறுபடி வேறு குடமாகச் சேர்கிறது என்றனர் வைசேடிகர். குடத்தின் நுண்துளைகள் வழியே வெப்பம் உள்ளே புகுகிறது. குடம் கலையாமலே முழுதாகச் சிவக்கிறது என்றனர் நையாயிகர். சூளைக்குள் வைத்த அதே குடம் என்று எல்லாரும் அடையாளம் காண்கிறார்களே என்பது நையாயிகரின் வலுவான சான்று. 'இது அதுவே' என்னும் இந்த மீளறிவுக்குப் பிரத்தியபிஞ்ஞை என்று பெயர்.

பௌத்தர் மீளறிவை நம்பவில்லை. வெட்டிய நகமும் முடியும் மறுபடி வளர்ந்ததும் 'அதே நகம், அதே முடி' என்று சொல்கிறோம்; ஒப்புமையை ஒருமை என்று மயங்குகிறோம் என்பது அவர்களின் மறுப்பு. இந்த மறுப்பு காரின் மீது கூர்மையாகப் பாயும். கதவு சாத்தும் ஓசையும், இருக்கையின் வாசமும், முன் கண்ணாடி வழியே தெரியும் நீண்ட பானெட்டும் அப்படியே இருப்பதால் 'அதே கார்' என்று தோன்றுகிறது. அந்தத் தோற்றம் மட்டும் சான்றாகிவிடாது. நன்றாகச் செய்த போலியிலும் இவை எல்லாம் இருக்கலாம்.

இந்த வாதங்கள் தமிழுக்கும் புதியவை அல்ல. மணிமேகலையின் இருபத்தேழாம் காதையில், வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கும்போது வைசேடிகவாதியும் தன் பொருள் வகைகளை விளக்குகிறான். சமணக் காப்பியமான நீலகேசி, பௌத்தரோடு நீண்ட வாதம் புரிகிறது.

பொன்

சமணர் இரு தரப்புக்கும் நடுவே ஒரு வழியைத் திறந்தனர். உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரப்படி, இருப்பது என்பது தோற்றம், கேடு, நிலைபேறு மூன்றும் கூடியது. எந்தப் பொருளும் ஒரே நேரத்தில் ஒரு வகையில் பிறக்கிறது, ஒரு வகையில் அழிகிறது, ஒரு வகையில் நிலைக்கிறது.

சமந்தபத்திரர் இதற்குக் காட்டிய எடுத்துக்காட்டு பொற்குடம். குடத்தை உருக்கி முடி செய்கிறார்கள். குடத்தை விரும்பியவன் வருந்துகிறான். முடியை விரும்பியவன் மகிழ்கிறான். பொன்னை விரும்பியவன் இரண்டும் இன்றி அமைதியாக இருக்கிறான். மூவரின் உணர்வுக்கும் காரணம் உண்டு. ஆகவே அழிவு, பிறப்பு, நிலைபேறு மூன்றும் உண்மை.

கார் நிற்கும் வீட்டிலும் இந்த மூவர் உண்டு. முதல் கியரில் பவர்கிளைட் எழுப்பும் நீண்ட முனகலைக் கேட்டு வளர்ந்தவருக்கு அது இனி கேட்காது என்பது இழப்பு. நெடுஞ்சாலையில் நாள்தோறும் ஓட்டுபவருக்கு நான்காவது கியர் வரவு. குடும்பம் சேர்ந்து போய்வர ஒரு வண்டி இருக்கிறதே என்பவருக்கு இழப்புமில்லை, வரவுமில்லை. வருந்துபவரிடம் 'எதுவும் மாறவில்லை' என்று சொல்வது பொய். மகிழ்பவரிடம் 'இது பழைய கார் இல்லை' என்று சொல்வதும் பாதி உண்மை. எந்த நோக்கில் கேட்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டு விடை சொல்வதே சமணர் கற்பித்த நேர்மை. நோக்கு ஒவ்வொன்றும் ஒரு நயம். நயங்களை ஒன்றோடொன்று மோதவிடாமல் காண்பது அநேகாந்தம்.

சமணர் விடையிலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. குடத்துக்கும் முடிக்கும் பொதுவாக நின்றது பொன். காருக்கு அந்தப் பொன் எது? இரும்பு என்று சொல்ல முடியாது. கியர்பாக்ஸோடு இரும்பிலும் ஒரு பகுதி போய்விட்டது. மாற்றத்தின் ஊடே நிற்பது ஒரு பருப்பொருளாக இல்லாமல், வேறு வகையான ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

உடல்

அந்த வேறு வகையை இராமாநுசர் உடலுக்குத் தரும் இலக்கணம் அடையாளம் காட்டுகிறது. பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தில், உடல் என்றால் என்ன என்று அவர் வரையறுக்கிறார். கை கால் உள்ளது உடல், புலன்கள் உள்ளது உடல் என்ற இலக்கணங்களை அவர் ஏற்கவில்லை. அறிவுள்ள ஒன்றால் தாங்கப்பட்டு, அதனால் இயக்கப்பட்டு, அதன் பொருட்டே இருப்பது எதுவோ அதுவே அதற்கு உடல் என்கிறார். தாங்கப்படுதல், ஆளப்படுதல், பிறர்க்கென இருத்தல் என்ற மூன்று உறவுகளே உடலை உடலாக்குகின்றன. பருப்பொருள் எது என்பது இந்த இலக்கணத்தில் வருவதே இல்லை. உண்ணும் சோறு உடலாவதும், வெட்டிய முடி உடலல்லாததாவதும் இதனால் விளங்கும்.

அவர் பேசியது ஆன்மாவையும் உலகையும் உடலாகக் கொண்ட இறைவனைப் பற்றி. உயிரற்ற காருக்கு இந்த இலக்கணத்தை உவமையாகத்தான் கொண்டுவர முடியும். உவமை ஆயினும் வெளிச்சம் தருகிறது. பட்டறையில் நடக்கும் வேலை மூன்று உறவுகளைப் புதிதாக ஏற்படுத்துவதே. நகர்த்திய குறுக்குச் சட்டம் புதிய கியர்பாக்ஸைத் தாங்குகிறது. கார்புரேட்டரிலிருந்து வரும் கேபிள் அதை ஆள்கிறது. வெட்டிச் சமன் பார்த்த தண்டு அதன் உழைப்பைப் பயணத்துக்கு உரியதாக்குகிறது. மூன்றும் சரியாக அமைந்த நாளில் வேறெங்கோ பிறந்த அந்தப் பாகம் இந்தக் காரின் உறுப்பாகிவிடுகிறது. கேபிள் பிசகிய காரில் அது உள்ளே இருந்தும் உறுப்பாகவில்லை. தன்னைத்தானே எரித்துக்கொள்ளும் அந்நியப் பொருளாகவே கிடக்கிறது.

மாற்றத்தின் ஊடே நிற்பது இந்த ஒழுங்கு. முழுதும் புதிதாக ஒரே நேரத்தில் போடப்பட்ட ஒழுங்காக இருந்தால் அது புதிய கார். இங்கேயோ ஒரு பாகத்தை விடுத்து மற்றெல்லாப் பாகங்களும் ஒழுங்கைப் பிடித்துக்கொண்டிருக்க, புதிய பாகம் அதற்குள் ஏற்கப்படுகிறது. பிறகு அதுவும் சேர்ந்து, அடுத்து வரும் பாகத்தை ஏற்கிறது. இப்படி ஒழுங்கு கைமாறிக்கொண்டே இருக்கும்வரை தொடர்ச்சி அறுவதில்லை. அரிஸ்டாட்டிலின் உருவமும் நாகசேனரின் சுடரும் இந்த இடத்தில் சந்திக்கின்றன: உருவம் எது என்று முன்னது சொல்கிறது, அது எப்படித் தொடர்கிறது என்று பின்னது சொல்கிறது.

தீர்ப்பு

மெய்யியலின் இந்த வாதம் ஒருமுறை நீதிமன்றத்துக்கே வந்தது. 'ஓல்ட் நம்பர் ஒன்' என்று பெயர்பெற்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் கார் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் லெமான் 24 மணிப் பந்தயத்தை வென்றது. 1932-இல் எட்டு லிட்டர் என்ஜினோடு புரூக்லண்ட்ஸ் பந்தயத்தில் ஓடியபோது விபத்துக்குள்ளாகி, ஓட்டிய கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். பிறகு கார் வேறு உடலோடு மறுபடி கட்டப்பட்டது. பல பத்தாண்டுகள் கழித்து அதை விற்க ஒப்பந்தம் ஆனபோது, இது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் அல்ல என்று வாங்குபவர் மறுத்தார். 1990-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்ற நீதிபதி ஆட்டன் வழக்கைக் கேட்டார்.

1930-இன் காரிலிருந்து மிஞ்சியவை பெடல் தண்டு, கியர்பாக்ஸ் உறை, ஸ்டீயரிங் தண்டு என்ற சிலவே என்று நீதிபதி கண்டார். ஆயினும் அது உண்மையான ஓல்ட் நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார். மாற்றங்கள் அனைத்தும் ஒரே காரின் அறுபடாத வரலாற்றில் படிப்படியாக நிகழ்ந்தவை; அந்த வரலாற்றை உரிமை கோரும் வேறொரு கார் இல்லை என்பது அதன் அடிப்படை. அதே சமயம், கார் ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது என்னும் பொருளில் 'ஒரிஜினல்' என்று அதைச் சொல்ல முடியாது என்பதையும் பிரித்துக் காட்டினார். அதே கார் என்பதும் ஒரிஜினல் என்பதும் வெவ்வேறு கேள்விகள் என்பதே இந்தத் தீர்ப்பு தந்த தெளிவு.

பதிவுச் சட்டங்களும் இந்த வழியிலேயே செல்கின்றன. அமெரிக்காவில் காரின் உரிமைப் பத்திரம் வாகன அடையாள எண்ணைப் பற்றி நிற்கிறது. இந்தியப் பதிவுச் சான்றிதழில் சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் இருக்கும். கியர்பாக்ஸ் மாறுவதால் கார் வேறாவதாகச் சட்டம் கருதுவதில்லை. பழைய கார்களைச் சேகரிப்போர் மட்டும் என்ஜினும் கியர்பாக்ஸும் ஆலையில் பொருத்தியவையேதானா என்று பொறிக்கப்பட்ட எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் கேட்பது ஒரிஜினலா என்ற கேள்வியை. அதன் விடை விலையில் தெரியும்.

கடன்

அதே பொருளா என்ற கேள்வி வெறும் அறிவுப் பயிற்சியாக நின்றுவிடாமல் சமயக் கேள்வியாவது கடன் என்ற இடத்தில். நேற்று வாங்கிய கடனை இன்று யார் திருப்பித் தருவது? முன்வினையின் பயனை யார் நுகர்வது? மிலிந்தனிடம் நாகசேனர் ஒரு மாம்பழத் திருடனைப் பற்றிக் கேட்கிறார். நட்டவன் நட்ட மாங்கொட்டை வேறு, நான் பறித்த பழம் வேறு என்று திருடன் வாதிட்டால் விட்டுவிடலாமா? அரசன் ஒப்பவில்லை, அந்தக் கொட்டையைச் சார்ந்தே இந்தப் பழம் வந்தது, ஆகவே திருடன் தண்டிக்கத்தக்கவன் என்கிறான். மாறாத பொருள் ஏதும் இல்லாதபோதும் பொறுப்பு தொடர்கிறது. அதற்கு வேண்டியது தொடர்ச்சி மட்டுமே.

கியர்பாக்ஸை மேம்படுத்தும் குடும்பத்துக்கும் அந்தத் தொடர்ச்சியிலிருந்து சில கடன்கள் பிறக்கின்றன. முதலாவது, முழுமைக்கு ஆற்றும் கடன். புதிய பாகத்தின் ஆற்றலை மட்டும் பார்க்காமல், தண்டும் எண்ணெய்க் குளிர்விப்பானும் பின் அச்சும் அதைத் தாங்குமா என்று பார்த்துச் செய்வது. கேபிளைக் கண்மதிப்பில் விடாமல் அழுத்தமானி வைத்துச் சரிபார்ப்பது இதில் அடங்கும். இரண்டாவது, உண்மைக்கு ஆற்றும் கடன். என்ன மாற்றப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்பதை எழுதி, காரின் பத்திரங்களோடு வைப்பது. விற்க நேர்ந்தால் வாங்குபவரிடம் மறைக்காமல் சொல்வது. அதே கார் என்று சொல்லும் உரிமை, ஒரிஜினல் அல்ல என்று ஒப்புக்கொள்பவருக்கே உண்டு. மூன்றாவது, முன்னோருக்கு ஆற்றும் கடன். கழற்றிய பவர்கிளைட்டைத் துடைத்து எண்ணெய் இட்டுப் பத்திரமாக வைப்பதும், தரைத் தகட்டைத் தேவையின்றி வெட்டாமல் விடுவதும், பின்னொரு தலைமுறை விரும்பினால் பழைய நிலைக்குத் திரும்ப வழி திறந்திருக்கச் செய்யும்.

கியர்பாக்ஸ் மாறிய கார் அதே காரா என்ற கேள்விக்குத் தொகுத்துச் சொல்லக்கூடிய விடை இது. பருப்பொருளால் அது முழுவதும் அதே கார் அல்ல. இயல்பிலும் ஒரு பகுதி மாறியிருக்கிறது. அதற்காக ஒருவர் வருந்துவதும் இன்னொருவர் மகிழ்வதும் நியாயமே. பாகங்களை ஏற்று, தாங்கி, ஒரு பயணத்துக்கு உரியவையாக்கும் ஒழுங்கு அறுபடாமல் கைமாறிய வரையில் அது அதே கார்தான். அந்தக் கைமாற்றம் தானாக நடப்பதில்லை. அளவெடுத்து, பொருத்தி, சரிபார்த்து, எழுதிவைக்கும் மனிதர்களின் கையால்தான் அது நடக்கிறது.